பல துறை மாணவர்களுக்கு நோயாளியே பாடம் எடுக்கலாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வார்டு டீச்சர் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். நான் செவிலியர் படிப்பில் பாடம் எடுப்பவள். மருத்துவம், செவிலியம், பார்மசி, பிசியோதெரபி என்று நான்கு துறை மாணவர்களும் எங்கள் வளாகத்தில்தான் படிக்கிறார்கள். ஆனால் கேண்டீன் தவிர வேறெங்கும் ஒன்றாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அடுத்த கல்வியாண்டில் இவர்களைச் சேர்த்து, நோயாளிகளைக் கொண்டே சில வகுப்புகள் நடத்த ஒரு குழு போட்டிருக்கிறார்கள். நானும் அதில் இருக்கிறேன்.

குழுவில் இதுவரை பேசி வைத்திருப்பது இதுதான்: நீண்டகால நோயுள்ள ஒருவரை அழைப்பது, அவர் ஒரு மணி நேரம் தன் கதையைச் சொல்வது, மாணவர்கள் கேள்வி கேட்பது, நினைவுப் பரிசு கொடுத்து அனுப்பிவிடுவது. எனக்கு இதில் மனம் ஒட்டவில்லை. பிள்ளைகள் கண்கலங்குவார்கள், கைதட்டுவார்கள். மறுநாள் வார்டில் பழையபடியே இருப்பார்கள்.

நோயாளியை வகுப்பில் எந்த இடத்தில் வைத்தால் நான்கு துறைக்காரர்களும் சேர்ந்து எதையாவது கற்பார்கள்? ஆசிரியர்கள் மட்டுமல்ல, நோயாளிகளாக இருப்பவர்களும் எழுதினால் உதவியாக இருக்கும்.

ஸ்டெத்

டீச்சர், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நோயாளியிடமிருந்து கற்பது என்ன புதுசா? நோயாளியையே பாடநூலாக வைக்காத பாடம் கூடாது என்று புகழ்பெற்ற மருத்துவப் பேராசிரியர் வில்லியம் ஆஸ்லர் 1903-லேயே பேசிவிட்டார். நான் பொது மருத்துவம் சொல்லித்தருகிறேன். தினமும் ரவுண்ட்ஸில் நடப்பது அதுதானே?

நடைமுறையில் எனக்குத் தெரியும் சிக்கல் வேறு. முன்பெல்லாம் ஒரு நோயாளி வாரக்கணக்கில் வார்டில் இருப்பார், மாணவன் நிதானமாக ஹிஸ்டரி எடுப்பான், அதாவது நோயின் வரலாற்றைக் கேட்டு எழுதுவான். இப்போது அவன் கேஸ் ஷீட்டைப் புரட்டி முடிப்பதற்குள் டிஸ்சார்ஜ் ஆகிவிடுகிறார். அந்தக் கொஞ்ச நேரத்திலும் நான்கு துறை மாணவர்களை ஒரே கட்டிலைச் சுற்றி நிறுத்தினால் படுத்திருப்பவருக்கு மூச்சு முட்டும். இதற்கெல்லாம் பாடத்திட்டத்தில் நேரத்தை எங்கே தேடுவீர்கள்?

காலை விறைப்பு

டாக்டர், அந்தக் கட்டிலில் படுத்திருந்தவள் பதில் சொல்கிறேன். எனக்கு முடக்குவாதம், நீங்கள் ருமட்டாய்டு என்று சொல்வது. பல வருடப் பழக்கம்.

பாடநூல் என்றீர்கள், மிகச் சரி. புத்தகத்தை யாரும் எதுவும் கேட்பதில்லையே. "விரலை மடக்குங்கள், இங்கே வலிக்கிறதா, சரி" என்பீர்கள். பிறகு என் தலைக்கு மேலேயே மாணவர்களிடம் என் மூட்டைப் பற்றிப் பேசுவீர்கள். இன்று எதைக் கற்க வேண்டும் என்று முடிவு செய்வது நீங்கள். என்னிடம் கேட்டிருந்தால் நான் வேறு ஒன்றைச் சொல்லிக்கொடுத்திருப்பேன்.

உதாரணத்துக்கு ஒன்று. எனக்கு மெதோட்ரெக்சேட் தொடங்கினார்கள். வாரம் ஒரே ஒரு நாள் போட வேண்டிய மாத்திரை. எழுதிக்கொடுத்தவர், மருந்தகத்தில் விளக்குவார்கள் என்று விட்டுவிட்டார். மருந்தகத்தில், டாக்டர் சொல்லியிருப்பார் என்று நினைத்தார்கள். நர்ஸ் டிஸ்சார்ஜ் தாளைப் படித்துக் காட்டினார், அதில் மருந்தின் பெயரும் அளவும் இருந்தன. எனக்கு விவரம் தெரிந்தது காத்திருப்பு வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்னொரு நோயாளி சொல்லித்தான். அப்புறம் மாத்திரை டப்பா. அழுத்தித் திருகினால்தான் திறக்கும் மூடி. இந்த விரல்களால்!

இதில் யாரையும் குறை சொல்லிப் பயனில்லை. ஆளாளுக்குத் தன் பங்கைச் செய்திருக்கிறார்கள். ஒருவர் வேலை முடிந்து அடுத்தவர் வேலை தொடங்கும் இடத்தில்தான் ஓட்டை. அந்த இடத்தில் உங்களில் யாரும் நிற்பதில்லை. டாக்டர், நர்ஸ், மருந்தாளுநர், பிசியோ என்று அத்தனை பேரையும் ஒருவர் விடாமல் பார்ப்பது நோயாளி மட்டும்தான். பல துறை மாணவர்களைச் சேர்த்து வைத்துப் பாடம் நடத்துவதாக இருந்தால், இதைச் சொல்லிக்கொடுக்கத் தகுதி உள்ளவர் எங்களைத் தவிர யார்?

மருந்துச்சீட்டு

மேலே எழுதியிருக்கும் அக்காவுக்கு வணக்கம். நான் மருந்தாளுநர். அந்த மாத்திரையைத் தவறுதலாகத் தினமும் போட்டு எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டவர்கள், இறந்தவர்கள் பற்றிய பதிவுகள் பல நாடுகளில் உண்டு. அதனால்தான் சீட்டில் "வாரம் ஒருமுறை" என்பதோடு நிற்காமல் கிழமையையும் எழுதச் சொல்கிறோம். பாடமாக இது எங்களுக்கு மனப்பாடம். ஆனால் இதை நோயாளிக்கு யார் சொல்வது என்று மருத்துவ மாணவரோடும் செவிலிய மாணவரோடும் உட்கார்ந்து படிக்கும் காலத்தில் பேசியதே இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2010-இல் வெளியிட்ட ஆவணத்தில் துறைகளுக்கிடையிலான கல்விக்கு ஒரு வரையறை இருக்கிறது: இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட துறை மாணவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர், ஒருவரிடமிருந்து ஒருவர், ஒருவரோடு ஒருவர் கற்பது. நூறு பேரை ஒரே அரங்கில் உட்காரவைத்து உரை கேட்கவைப்பது இந்தக் கணக்கில் வராது. டீச்சரின் குழு யோசித்திருப்பது அதுதான் என்று பயப்படுகிறேன்.

வான்கூவரில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 2011-இல் தொடங்கிய ஒரு திட்டத்தைப் பாருங்கள். நீண்டகால நோயோ உடல் குறைபாடோ உள்ள ஒருவர், அல்லது அப்படி ஒருவரைப் பராமரிப்பவர், வழிகாட்டியாக இருப்பார். வெவ்வேறு துறைகளிலிருந்து நான்கு மாணவர்கள் அவரிடம் ஒப்படைக்கப்படுவார்கள். சுமார் 16 மாதங்களில் பலமுறை சந்திப்பு. ஒவ்வொரு சந்திப்புக்கும் பொதுவான ஒரு தலைப்பு உண்டு. ஆனால் அறையில் ஆசிரியர் இருக்கமாட்டார். எனக்குப் பிடித்த அம்சம் இதுதான். ஆசிரியர் உட்கார்ந்திருந்தால் மாணவர்களின் கண் அவர் முகத்துக்குத்தான் போகும்.

பிலடெல்ஃபியாவின் தாமஸ் ஜெஃபர்சன் பல்கலைக்கழகம் இதேபோல ஒன்றை 2007-லேயே தொடங்கியது. அங்கே மாணவர் குழு வழிகாட்டியின் வாழ்க்கையையும் நோயையும் சேர்த்து ஒரே வரலாறாக எழுத வேண்டும், அவரோடு சேர்ந்து உடல்நலத் திட்டம் ஒன்றும் போட வேண்டும்.

மூணாம் வருஷம் பிசியோ

எங்களுக்கு இப்படி ஒரு கூட்டு வகுப்பு நடந்தது, ஆனால் மருந்துச்சீட்டு சார் சொல்கிற அளவுக்கு இல்லை. பக்கவாதம் வந்து மீண்ட ஒருவர் வந்திருந்தார். மருத்துவ மாணவர் ஹிஸ்டரி எடுத்தார். பிறகு செவிலிய மாணவி எடுத்தார். பிறகு நான். எல்லாருமே "எப்போது தொடங்கியது, எந்தப் பக்கம்" என்றுதான் ஆரம்பித்தோம். அவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "முதலில் கேட்ட தம்பியிடமே நீங்கள் எல்லாம் கேட்டுக்கொள்ளலாமே" என்றார்.

அதன்பிறகு அவர்தான் வகுப்பை நடத்தினார் என்று சொல்ல வேண்டும். "நான் வீட்டுக்குப் போன முதல் வாரத்தில் என்னென்ன தேவைப்பட்டிருக்கும்? நீங்கள் சேர்ந்து பேசி ஒரே பட்டியலாகச் சொல்லுங்கள்" என்றார். நான் நடைப்பயிற்சி என்றேன். செவிலிய மாணவி, அவருக்கு விழுங்குவதில் சிரமம் இருந்ததா என்று கேட்டார். எனக்கு அது தோன்றவே இல்லை. மருத்துவ மாணவர் ரத்த அழுத்த மாத்திரை பற்றிப் பேசினார். யாருமே சொல்லாமல் விட்டது, வீட்டில் அவரைப் பார்த்துக்கொள்ளப் போகிறவருக்குப் பயிற்சி. அதை அவரே சொன்னார்.

இவ்வளவு நடந்தும் மதிப்பெண் கொடுத்தது வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) பக்கவாதத்தின் வகைகளைக் கேட்டுத்தான் :(

பாவனை

எதிர்ப்பக்கமும் ஒருவர் பேச வேண்டும் அல்லவா? நான் தேர்வுகளிலும் பயிற்சிகளிலும் நோயாளியாக நடிப்பவன்.

இந்த வேலையை 1963-இல் தெற்குக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிவைத்தவர் ஹோவர்டு பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர். அதற்கு முன் அவர் பார்த்த ஒரு சம்பவத்தைச் சொல்வார்கள். மருத்துவர்களுக்கான தேர்வில் உண்மையான நோயாளி ஒருவரைப் பயன்படுத்தினார்கள். ஒரு மருத்துவர் அவரைக் கரடுமுரடாகக் கையாண்டார். கோபம் வந்த நோயாளி, உணர்ச்சிக் குறைவு இருக்கும் இடத்தையும் பாதத்தில் தெரியும் அறிகுறியையும் மாற்றிக் காட்டி அவரைக் குழப்பிவிட்டார்! நோயாளியால் நடிக்க முடியும் என்று பாரோஸ் கண்டுகொண்டார். அந்த நோயாளி ஏன் நடித்தார் என்பதும் நம் பேச்சுக்குப் பொருந்துகிறது.

நான் சொல்ல வந்தது, உண்மையான நோயாளியை எல்லாவற்றுக்கும் இழுக்காதீர்கள். கெட்ட செய்தி சொல்லப் பழகுவது, பணி மாறும்போது பொறுப்பை ஒப்படைக்கப் பழகுவது, கோபமாக இருக்கும் உறவினரிடம் பேசப் பழகுவது, இதற்கெல்லாம் மாணவர்கள் தப்புச் செய்து தப்புச் செய்துதான் தேற வேண்டும். அந்தத் தப்பை என்மேல் செய்யட்டும். ஒரே காட்சியைப் பத்துத் தடவை நடிக்க எனக்குச் சலிப்பில்லை, காயமும் இல்லை. ஆனால் மாலையில் நான் வேடத்தைக் கழற்றிவிடுவேன். காலை விறைப்பு மேடம் எழுதியதுபோல ஒன்றை நான் எழுத முடியாது.

ஸ்டெத்

சரி, சுவாரசியமாகத்தான் போகிறது. ஆனால் இரண்டு கேள்விகளுக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

முதலாவது, இப்படி வந்து பேச முன்வருபவர்கள் யார்? நன்றாகப் பேசத் தெரிந்தவர், ஓய்வில் இருப்பவர், நோயோடு சமரசம் ஆனவர். என் வார்டில் இருக்கும் பெரும்பாலானோர் அப்படி இல்லை. நாலைந்து வருடம் மேடை ஏறினால் இவர்கள் பேச்சாளர் ஆகிவிடுவார்கள், பிறகு அவர்கள் சொல்வது யாருடைய அனுபவம்?

இரண்டாவது, மதிப்பெண். நோயாளி மாணவனுக்கு மதிப்பெண் போடுவதை என்னால் ஏற்க முடியாது. மண்ணீரலைச் சரியாகத் தொட்டுப் பார்த்தானா என்று அவருக்கு எப்படித் தெரியும்? சிரித்துப் பேசுகிறவனுக்கு அதிகம் கிடைக்கும், அவ்வளவுதான்.

காலை விறைப்பு

மண்ணீரலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் டாக்டர், எங்களுக்கு வேண்டாம் :) ஆனால் "இந்த மாத்திரையை எப்படிப் போடுவீர்கள் என்று சொல்லிக் காட்டுங்கள்" என்று மாணவர் கேட்டாரா இல்லையா என்பதை என்னைவிட யார் சொல்வார்? தவிர, மூட்டைப் பரிசோதிக்கும் முறையையே முடக்குவாதக்காரர்கள் மாணவர்களுக்குக் கற்பிக்கும் திட்டங்கள் பல காலமாக நடக்கின்றன. எங்கே அழுத்தினால் வீக்கம் தெரியும், எவ்வளவு அழுத்தினால் உயிர் போகும் என்று மூட்டுக்குச் சொந்தக்காரரே சொன்னால் கை சீக்கிரம் பழகுகிறது.

யாருடைய அனுபவம் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் முடக்குவாத ஆய்வுகளில் நடந்ததைச் சொல்கிறேன். இந்த நோய்க்கான மருந்துச் சோதனைகளில் எதையெல்லாம் அளப்பது என்று முடிவு செய்யும் ஓமெராக்ட் என்ற சர்வதேசக் குழு உண்டு. 2002-இல்தான் முதன்முறையாக நோயாளிகளைக் கூட்டத்துக்குள் விட்டார்கள். வந்தவர்கள் உடற்சோர்வைப் பற்றிப் பேசினார்கள். நாளையே தின்றுவிடும் சோர்வு, அதுவரை அளக்க வேண்டியவற்றின் பட்டியலில் அது இல்லை. முடக்குவாதச் சோதனைகளில் சோர்வையும் அளக்க வேண்டும் என்று 2006-இல் ஒப்புக்கொண்டார்கள். வந்திருந்த சிலர் எல்லா நோயாளிகளுக்கும் பிரதிநிதி அல்லதான். ஆனால் அவர்கள் வராமல் இருந்திருந்தால்?

பார்த்துக்கொள்பவன்

அம்மாவுக்கு மறதிநோய். நோயாளி வந்து பேசுவதைப் பற்றி எல்லாரும் எழுதுகிறீர்கள், பேச முடியாதவர்களைப் பற்றி ஸ்டெத் டாக்டர் ஒருவர்தான் தொட்டார். அதனால் எழுதுகிறேன்.

பேச முடியவில்லை என்பது அவர்களை விட்டுவிடுவதற்குக் காரணம் ஆகாது. பக்கவாதத்தில் பேச்சு போனவர்களே மாணவர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். அவர்களோடு உட்கார்ந்து, படம் காட்டி, ஆம் இல்லை கேள்வியாகக் கேட்டு, பதிலுக்குப் பொறுமையாகக் காத்திருந்து பேசப் பழகுவதே பாடம். மருத்துவ மாணவரும் பேச்சுப் பயிற்சி மாணவரும் ஒன்றாக இருந்தால், யாருக்கு எது தெரியும் என்று அங்கேயே புரியும். அம்மாவைப் போன்றவர்கள் விஷயத்தில் பராமரிப்பவர் வரலாம். மேடையில் நிறுத்தாமல் வீட்டுக்கு வந்து பார்க்கலாம்.

நான் ஒருமுறை ஒரு வகுப்பில் பேசப் போயிருந்தேன். இடம் எது என்பது வேண்டாம். ஒரு மாணவர் "அம்மாவை எப்போதாவது அடித்திருக்கிறீர்களா" என்று கேட்டார். நல்ல கேள்விதான், அதற்கு ஒழுங்காகப் பதிலும் சொன்னேன். ஆனால் வகுப்பு முடிந்ததும் எல்லாரும் அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார்கள். என்னிடம் "எப்படி இருக்கிறீர்கள்" என்று கேட்க அங்கே ஆள் இல்லை. பல நாள் தூக்கம் கெட்டது. டீச்சர், நீங்கள் திட்டம் போடும்போது எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லமாட்டேன் என்பதை வருபவரிடம் முன்பே கேட்டு வையுங்கள். முடிந்த பிறகு அவரோடு அரைமணி நேரம் உட்கார ஒருவரை நியமியுங்கள். மறுநாள் ஒரு போன் போட்டால் இன்னும் நல்லது.

நடுவர்

ஒரு பதிவில் மருத்துவமனைப் பெயரும் மருத்துவர் பெயரும் இருந்ததால் நீக்கியிருக்கிறேன். அனுபவத்தை எழுதுங்கள், பெயர்கள் வேண்டாம்.

மருந்துச்சீட்டு

ஸ்டெத் சாரின் மதிப்பெண் கேள்விக்கு. இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது. நோயாளிகள் பொதுவாகத் தாராளமாகவே மதிப்பெண் போடுவார்கள், ஒருவர் கொடுக்கும் எண்ணை வைத்துத் தேர்ச்சி தோல்வி முடிவு செய்வது ஆபத்து. ஆனால் எண் இல்லாமல் வாக்கியமாகக் கேட்டால் கதையே வேறு. "உங்கள் குழுவில் யார் என்ன செய்வார்கள் என்று எனக்குக் கடைசிவரை புரியவில்லை" என்று ஒருவர் எழுதிக்கொடுத்தால் அதை எந்த ஆசிரியரும் எழுதியிருக்க முடியாது.

டீச்சர், ஏஞ்சலா டௌல் என்பவரும் சகாக்களும் 2010-இல் நோயாளிப் பங்கேற்பை ஆறு நிலைகளாகப் பிரித்துக் காட்டினார்கள். அடியில், நோயாளி தாளில் ஒரு கேஸாக மட்டும் இருப்பார். மேலே போகப்போக கதை சொல்பவர், கற்பிப்பவர், பாடத்திட்டத்தைச் சேர்ந்து போடுபவர். உச்சியில் நிறுவனத்தின் முடிவுகளிலேயே நிலையான இடம். உங்கள் குழுவின் யோசனை நடுவில் கதை சொல்பவரோடு நின்றுவிடுகிறது. மாண்ட்ரியால் பல்கலைக்கழகத்தில் 2010 முதல் நோயாளிப் பங்காளிகள் ஆசிரியரோடு சேர்ந்தே வகுப்பெடுக்கிறார்கள், பல துறை மாணவர்கள் ஒன்றாக வரும் வகுப்புகளில். இங்கிலாந்தில் சமூகப்பணிப் பட்டப்படிப்புக்கு 2003-லேயே சேவை பெறுவோரின் பங்கு கட்டாயமானது.

பாவனை

ஒரு விஷயம் விட்டுப்போய்விடும் போலிருக்கிறது: சம்மதம். தனக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரே "மாணவர்கள் வரலாமா" என்று கேட்டால், அதுவும் மாணவர்கள் வாசலில் நின்றுகொண்டிருக்கும்போது கேட்டால், யார் மாட்டேன் என்பார்கள்? வைத்தியத்தோடு தொடர்பில்லாத ஒருவர், முதல் நாளே, தனியாகக் கேட்க வேண்டும். இது பழைய காலத்துக் கவலை என்று நினைக்காதீர்கள். மயக்கத்தில் இருக்கும் பெண்களின் இடுப்பறையை மாணவர்கள் பரிசோதித்துப் பழகும் வழக்கம் பல இடங்களில் இருந்திருக்கிறது. அமெரிக்க சுகாதாரத் துறை, இதற்கு மருத்துவமனைகள் வெளிப்படையாகச் சம்மதம் பெற்றே ஆக வேண்டும் என்று 2024 ஏப்ரலில் அறிவுறுத்த வேண்டியிருந்தது. 2024!

வார்டு டீச்சர்

எல்லாருக்கும் நன்றி. நேற்று குழுக் கூட்டத்தில் இந்த இழையில் படித்ததையெல்லாம் கொட்டினேன். பெரிய அரங்கு யோசனை போய்விட்டது. இப்போதைய திட்டம்: நான்கு துறையிலிருந்தும் ஒவ்வொருவர், அவர்களுக்கு ஒரு வழிகாட்டி, ஆண்டு முழுவதும் இடைவெளி விட்டுச் சந்திப்புகள். வழிகாட்டி யாரும் எங்களிடம் அப்போது சிகிச்சையில் இருப்பவராக இருக்கக் கூடாது. முதலில் சிறு அளவில்தான். குழுவிலேயே இரண்டு நோயாளிகளைச் சேர்க்கவும் ஒத்துக்கொண்டார்கள், ஒருவர் மட்டும் இருந்தால் வாய் திறக்கமாட்டார் என்று சண்டை போட்டு இரண்டாக்கினேன்.

இரண்டு இடத்தில் முட்டி நிற்கிறது. நான்கு துறைக் கால அட்டவணைகளில் பொதுவாக ஒரு மதிய நேரம்கூடச் சிக்கவில்லை. அடுத்து பணம். சேவை மனப்பான்மையோடு வருபவருக்குச் சம்பளம் கொடுத்தால் அவமதிப்பு என்கிறார் ஒருவர்.

காலை விறைப்பு

அவமதிப்பா? விருந்தினர் உரைக்கு வரும் பேராசிரியருக்குக் கொடுத்தால் மரியாதை, எனக்குக் கொடுத்தால் அவமதிப்பா? வகுப்பெடுப்பவர் என்ற கணக்கில் கட்டணம், போக்குவரத்துச் செலவு தனியாக. வேண்டாம் என்பவர் வேண்டாம் என்று சொல்லட்டும், அதற்குக் காரணமும் இருக்கும். சில இடங்களில் கையில் பணம் வந்தால் ஊனமுற்றோர் உதவித்தொகையில் கை வைப்பார்கள். அதனால் எவ்வளவு, எப்படி என்பதை முன்கூட்டியே எழுத்தில் கொடுங்கள்.

அப்புறம் காலை பதினொன்றுக்கு முன்னால் சந்திப்பு வைக்காதீர்கள். என் பெயரைப் பார்த்தாலே காரணம் தெரியும். கைப்பிடி உள்ள நாற்காலி வேண்டும், லிஃப்ட் வேலை செய்கிறதா என்று அன்று காலையே பார்த்துவிடுங்கள். சந்திப்புத் தலைப்புகளை மாணவர்களுக்கு அனுப்பும்போதே வழிகாட்டிக்கும் அனுப்ப வேண்டும். தலைப்பு சரியில்லை என்றால் மாற்ற அவருக்கு உரிமை இருக்கிறது என்பதையும் அதில் எழுதுங்கள்.

மூணாம் வருஷம் பிசியோ

டீச்சர், கால அட்டவணை பற்றி ஒரு யோசனை. நீங்கள் நேரம் தேடாதீர்கள். நான்கு மாணவர்களும் வழிகாட்டியும் தங்களுக்குள் பேசி நேரம் குறித்துக்கொள்ளட்டும், இந்தத் தேதிக்குள் முடிய வேண்டும் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். நாலு துறை ஆட்கள் சேர்ந்து ஒரு நேரம் குறிப்பதே பாதிப் பயிற்சி :)

ஸ்டெத்

அது நல்ல யோசனை. டீச்சர், என் யூனிட்டில் இருந்து மாணவர்கள் வேண்டுமானால் தருகிறேன், வியாழன் மதியம் அவர்களை விட்டுவிடுகிறேன். வழிகாட்டி எழுதித் தரும் கருத்தை அவர்களோடு உட்கார்ந்து படிக்கவும் தயார். மதிப்பெண் விஷயத்தில் மட்டும் என் கருத்து மாறவில்லை, அதை அடுத்த குழுக் கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம். எந்த நாள் என்று சொல்லுங்கள், நானும் வருகிறேன்.